தெற்கு அறைக்குப் போன இலை

ஒரு வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்துவிட்டால், அந்த வீட்டில் ஒரு வேலையும் ஒழுங்காக முடியாது, கண்ணுகளா. கெட்டவர் யாராவது ஒருவர் இருந்தால் அவரை வாயாரத் திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நல்லவர்களை என்ன செய்வது? உதவி செய்கிறேன் என்று வந்து நிற்பார்கள். நான் சொல்லப்போகிற வீட்டில் மாமியார் நல்லவள், கணவன் நல்லவன், கொழுந்தன் நல்லவன், நாத்தனார் எல்லாரையும்விட ஒரு படி மேல். மருமகளுக்குத்தான் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி.

மருமகள் பட்டுப்புழு வளர்த்தாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் இரண்டு அறை. வடக்கு அறையில் எப்போதும் புழுதான். தெற்கு அறையில் சக்கரம் இல்லாத சைக்கிளும், கால் உடைந்த கட்டிலும், எதற்கு வைத்திருக்கிறோம் என்று யாருக்குமே தெரியாத ஒரு பீப்பாயும் கிடந்தன. அவள் அந்த அறையைக் கேட்டாள். அதே வாரம் கொழுந்தனும் கேட்டான். அவனுக்கு அதில் ஒரு வெல்டிங் பட்டறை போட ஆசை.

கணவன் யார் மனதையும் நோகடிக்காதவன். அதனால் ஒரு பந்தயம் மாதிரி முடிவு சொன்னான். "ஒரே ஒரு போகம். ரெண்டு அறையிலயும் நல்ல கூடா எடுத்துக் காட்டு. காட்டிட்டா அறை உனக்கு. இல்லேன்னா தம்பிக்கு."

அன்றிலிருந்து கொழுந்தன் அளவு டேப்போடு வர ஆரம்பித்தான். வீட்டில் அவனுக்கு டேப்பு என்றே பெயர் விழுந்தாகிவிட்டது.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க அண்ணி. நான் சும்மா ஜன்னலை அளந்துட்டுப் போயிடறேன்."

"நேத்துத்தானே அளந்தீங்க தம்பி?"

"நேத்து அளந்தது வெளிப்பக்கம்."

அவள் இலை நறுக்கப் போய்விட்டாள்.

பட்டுப்புழுவைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் இந்தக் கதை விளங்கும். அது தின்னும், பருக்கும், தோல் இறுகிப் போகும். உடனே தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கிக்கொண்டு, அசையாமல் நின்று தூங்கும். தூங்கி எழுந்து பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் தின்னும். இப்படி நான்கு தூக்கம். நான்காவது எழுந்த பிறகு வருகிற பசிதான் பசி. அறைக்குள் நின்றால் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தத் தீனி முடிந்ததும் உடம்பு கண்ணாடியாகி, தேன் நிறமாகி, கூடு கட்ட இடம் தேடும். அதைப் பழுத்த புழு என்பார்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது. முந்தியது முந்தும், பிந்தியது பிந்தும், நடுவில் இருக்கிற மனுஷி சாவாள். அதற்காக ஒரு மருந்து உண்டு. தோலுரிக்கவும் பழுக்கவும் புழுவுக்குள்ளேயே ஒரு ஹார்மோன் ஊறுகிறதல்லவா, அதே சரக்கு சில செடிகளிலும் இருக்கிறது. அதை எடுத்து பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். முதல் சில புழுக்கள் பழுத்ததும், அதைத் தண்ணீரில் கலந்து இலையில் தெளித்துக் கொடுத்தால் மிச்சமும் சேர்ந்து பழுத்துவிடும்.

வடக்கு அறைப் புழுக்கள் மூத்தவை. அவை பழுக்கத் தொடங்கின. தெற்கு அறைப் புழுக்கள் இளையவை. அவை நான்காவது தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து பசியோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. மருமகள் சாயங்காலம் வடக்கு அறைக்கு மருந்து தெளித்த இலையைப் போட்டாள். ஒரு கூடை மிஞ்சியது. அதை வராந்தாவில் வைத்துவிட்டு, கூடு கட்டும் வலைகளைத் துடைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் தெற்கு அறைக் கதவைத் திறந்தாள். தூறல் சத்தம் இல்லை.

விளக்கைப் போட்டுப் பார்த்தாள். நான்கு அடுக்குகள், அடுக்கு நிறையத் தட்டுகள், தட்டு நிறைய இலை, இலையின் மேல் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு, சொல்லி வைத்தது போல் ஒன்றும் தின்னாமல் நின்றன. ஒரு இலையை எடுத்து முகர்ந்தாள். வராந்தாவுக்கு ஓடினாள். கூடை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிறவள் ஒருத்திதான்.

"அத்தை, இந்தக் கூடையில இருந்த இலை எங்க?"

"சின்னதுங்களுக்குப் போட்டேன்," என்றாள் மாமியார். "நீ பாட்டுக்கு வச்சிட்டுப் போயிட்ட. வாடிப் போகுமா போகாதா? இலையைக் குப்பையில கொட்டற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது."

"அது மருந்து தெளிச்ச இலை அத்தை."

"ஈரமா இருந்துச்சு. ஈர இலை போட்டா புழுவுக்கு வயித்தால போகும்னு நீதானே சொன்ன? ஒவ்வொரு இலையாத் துண்டால தொடச்சில்ல போட்டேன். முதுகு விட்டுப் போச்சு."

ஒவ்வொரு இலையாகத் துடைத்துப் போட்டவளை எப்படித் திட்டுவது? இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தாள். என்ன ஆராய்ச்சி என்று வீட்டில் யாரும் கேட்டு முடித்ததில்லை. பாதியிலேயே யாருக்காவது வேறு வேலை வந்துவிடும். இத்தனைக்கும் அவள் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்: புழுப்பூச்சிகள் தோலுரிக்கும் ஹார்மோனைக் காரியம் முடிந்த பிறகு எப்படி உடைத்து, செல்லாக்காசாக்கி, வெளியே தள்ளுகின்றன என்று.

விஷயத்தைக் கேட்டதும், "அண்ணி, எச்சத்தைக் கூட்டிடலையே?" என்றாள்.

"என்னது?"

"புழு போட்ட எச்சம். கூட்டாதீங்க. நான் இப்பவே பஸ் ஏறறேன். இந்த மாதிரி ஒரு வாய்ப்பு எனக்கு எந்த ஜென்மத்துல கிடைக்கும்?"

"என் புழு செத்துட்டிருக்கு. உனக்கு வாய்ப்பா?"

"சாகுதுன்னு யாரு சொன்னா?"

"சாகாதா?"

"அது பல விஷயத்தைப் பொறுத்து," என்றாள் நாத்தனார்.

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் அதிகமாகக் கேட்ட சொல் இந்தப் 'பொறுத்து'தான். எவ்வளவு தின்றது என்பதைப் பொறுத்து. எப்போது எழுந்தது என்பதைப் பொறுத்து. கடைசியில் மருமகளின் பொறுமையையும் பொறுத்துத்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது.

நாத்தனார் வந்து சேரும்போது கையில் ஐஸ் பெட்டி, தோளில் பை, பை நிறையச் சின்னச் சின்னக் குழாய்கள். செருப்பைக் கழற்றினாள், நேராகத் தெற்கு அறைக்குள் போனாள், தரையில் மண்டியிட்டுத் தட்டுகளுக்கு அடியிலிருந்து எச்சத்தைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"இவளைப் படிக்க வச்சதுக்கு இதுதான் மிச்சம்," என்றாள் மாமியார் வாசலில் நின்று.

"நாலே நாலு புழுவும் வேணும் அண்ணி. அறுத்துப் பார்த்தா உள்ள எவ்வளவு நிக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"எப்போ தெரியும்?"

"மெஷின் ரிப்பேர்ல இருக்கு. வந்துட்டா ஒரு வாரத்துல சொல்லிடுவேன்."

"ஒரு வாரத்துல அது செத்திருக்கும், இல்லேன்னா கூடு கட்டப் போயிருக்கும். அப்ப நீ வந்து எனக்கு என்ன சொல்லப் போற?"

நாத்தனார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். அண்ணியின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள் போலிருக்கிறது. குரலை இறக்கி, நிதானமாகச் சொன்னாள். அன்று அவள் ஒழுங்காகச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்.

"இந்த ஹார்மோன் உடம்புல ஏறணும் அண்ணி, ஏறினாத்தான் உள்ள புதுத் தோல் உருவாகும். ஆனா அப்புறம் அது இறங்கியே ஆகணும். இறங்கினாத்தான் பழைய தோல் கழலும். இறங்கலைன்னா உள்ள புதுசு ரெடி, வெளிய பழசு இறுக்கிப் பிடிச்சிருக்கும். ரெண்டு சட்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்டுப் புழு செத்துடும். நேத்து தின்ன இலையால இதுங்க உடம்புல தப்பான நேரத்துல ஏறிடுச்சு. அதான் தூக்கம் வந்த மாதிரி நிக்குது."

"இறக்கறது யாரு?"

"அதுவேதான். குடல்லயே பாதியைப் பிடிச்சிடும். ஹார்மோன் மேல இன்னொரு சின்ன சரக்கை எடுத்து ஒட்டிடும். சாவி இருக்குல்ல, அதோட பல்லுல மெழுகை அப்பிட்டா எந்தப் பூட்டுலயும் போகாதுல்ல, அந்த மாதிரி. எச்சத்தோட வெளிய போயிடும். ரத்தத்துக்குப் போயிட்டதை வேற விதமா முடிக்கும். ஒரு ஓரத்தைக் கருக்கி அமிலமா ஆக்கிடும், அது திரும்ப ஹார்மோனா ஆகவே ஆகாது. எல்லாப் புழுவுக்கும் இந்த வேலை தெரியும். செடியில இருக்கற விஷத்தோட காலங்காலமா மல்லுக்கட்டின ஜாதி. ஆனா எவ்வளவு முடியும்ங்கறது…"

"பொறுத்துன்னு மட்டும் சொல்லாத."

நாத்தனார் குழாய்க்கு மூடி போட்டாள்.

இதற்குள் கணவன் வந்துவிட்டான். அவனுக்குச் சும்மா இருந்து பழக்கம் இல்லை. மேஜை ஆடினால் காலுக்கு அட்டை வைப்பான்; ஆடாவிட்டாலும் வைப்பான். காலையிலேயே மருந்துக் கடைக்குப் போயிருந்தான். கையில் ஒரு புது பாட்டில்.

"இது வேற மருந்து. அது புழுவைப் பழுக்க வைக்கும்னா இது பழுக்காம இழுத்து வைக்கும். கடைக்காரர் சொன்னாரு. இதைத் தெளிச்சா அதுக்கு இது சரியாப் போயிடும்ல?"

"காபியில சர்க்கரை கூடிப் போச்சுன்னா உப்பை அள்ளிப் போடுவீங்களா?"

"அது காபி. இது புழு. ஏதாவது பண்ணணும்ல? கையைக் கட்டிட்டு நின்னா எப்படி?"

"அண்ணா சொல்றதும் நியாயம்தான்," என்றான் கொழுந்தன். அவன் எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. "அண்ணி, எனக்காகப் பார்க்காதீங்க. நீங்க ஜெயிக்கணும்னுதான் எனக்கும் ஆசை. அந்த மேல் உத்தரம் மட்டும் எவ்வளவு இருக்கும்னு…"

"தம்பி, வெளிய போங்க."

மருமகள் தட்டுகளின் மேல் வலைகளை விரித்தாள். வலைக்கு மேலே மருந்து படாத புது இலையைத் தூவினாள். பசித்த புழு வலைக் கண் வழியாக ஏறிப் புது இலைக்கு வரும். வலையோடு தூக்கிவிட்டால் பழைய இலை கீழே நின்றுவிடும். படுக்கை மாற்றுவது என்று இதற்குப் பெயர். எப்போதும் ஏறும். இன்றைக்கு ஒன்றுகூட ஏறவில்லை. ஏறினால் அல்லவா பிழைக்கும்! அவள் ஒவ்வொரு அடுக்காகக் குனிந்து பார்த்தாள். தூக்கிய தலைகள் தூக்கியபடியே இருந்தன, அவள் என்னவோ பாடப்போகிறாள், அதைக் கேட்க வந்திருக்கிறோம் என்பது போல.

கணவன் கதவருகில் பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருந்தான். மூடியைத் திறந்தும் வைத்திருந்தான், அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று.

அவள் அதைக் கையில் எடுத்தாள். மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவளுக்கும் ஊற்றிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் நிற்பது இருக்கிறதே, அதைப் போல உடம்பு வலிக்கிற வேலை வேறு இல்லை. அறை போய்விடும். போனால் போகட்டும் என்றால், இரும்பு வெட்டுகிற சத்தத்தையும் புகையையும் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கு அறையில் புழு வளர்க்க முடியுமா? ஓர் அறை போனால் இரண்டு அறையும் போனதுதான். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. சொன்னாலும், பார்த்துக்கலாம் என்பார்கள்.

"இங்க பாரு," என்றாள் நாத்தனாரிடம். "ஆராய்ச்சி வேண்டாம். இந்த பாட்டில் உன் கையில இருந்தா ஊத்துவியா, மாட்டியா?"

நாத்தனார் குழாய்களைக் கீழே வைத்தாள். "ஊத்த மாட்டேன்."

"ஏன்?"

"அதுங்க வயித்துல இப்ப ஒரு வேலை ஓடிட்டிருக்கு. நடுவுல இன்னொண்ணையும் அனுப்பினா, எதை விட்டுட்டு எதைப் பார்க்கும்னு எனக்குத் தெரியாது. இருக்கற குழப்பம் போதும் அண்ணி. ஆனா சும்மா விட்டா பிழைக்கும்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

மருமகள் பாட்டிலை மூடினாள். வெளியே போய்க் கணவன் கையில் கொடுத்தாள். "கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க. நான் கூப்பிடற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. நல்லது பண்றதுக்கும் வரக் கூடாது."

அப்புறம் அவள் செய்தது இதுதான்: வலைக்கு வராத புழுவைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பழைய இலையை உருவினாள், சுத்தமான தட்டில் புது இலையை மெல்லிசாகப் பரப்பினாள், புழுவை அதன் மேல் விட்டாள். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. நாத்தனார் ஒரு பக்கம் உட்கார்ந்து அதையே செய்தாள், நடுநடுவே எச்சத்தைக் குழாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் உள்ளே வந்து, கேட்காமலே மூன்றாவது அடுக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, நான் யாரும் வர வேண்டாம்னு…"

"யாரும்னா நானா?"

"மெதுவா எடுங்க. நசுங்கிடும்."

"உன் புருஷனைக் குளிப்பாட்டி வளர்த்தவ நான். அவன் நசுங்கலையே."

மூன்று பேரும் எடுத்தார்கள். ஜன்னலோர அடுக்குக்கு வந்தபோது மருமகளின் கை நின்றது. அங்கே இலை மற்ற தட்டுகளைவிட நெருக்கமாகக் கிடந்தது. காய்ந்த துளிகள் இலையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தன.

"இந்த அடுக்குல இலையைத் தொடைக்கலையா அத்தை?"

மாமியார் புழுவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதுகு வலி தாங்கலை. ஜன்னல்தானே, காத்துல காஞ்சிடும்னு விட்டுட்டேன். அதுங்க வேற பாவம், ஓரத்துல கிடக்குதுங்க, நீ எப்பவும் கடைசியாத்தான் அதுங்களுக்குப் போடற. அதான் ரெண்டு கை கூடவே அள்ளிப் போட்டேன்."

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். அம்மாவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயில் என்ன வரப்போகிறது என்று மருமகளுக்குத் தெரிந்தது. இவ்வளவு அழகாகப் பிரித்து வைத்த சோதனையை எந்த ஆராய்ச்சிக்கூடமும் செய்திருக்காது என்பாள். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மருமகள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். முதலில் அது தன் காதுக்குள்ளேயே கேட்கிற இரைச்சல் என்று நினைத்தாள். பிறகு நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நடு அடுக்கில், மேலிருந்து இரண்டாவது தட்டில், யாரோ காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். ஒரு புழு தலையை இறக்கி இலையின் விளிம்பைப் பிடித்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் ஒன்று.

"இறங்கிடுச்சு," என்றாள் நாத்தனார், தேர்வில் தானே பாஸ் ஆனவள் போல.

விளக்கு வைப்பதற்குள் ஜன்னலோரம் தவிர மற்ற மூன்று அடுக்கிலும் தூறல் பிடித்துக்கொண்டது. மருமகள் எழுந்து இலை வெட்டப் போனாள். கணவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். "பார்த்தியா, எல்லாம் சரியாயிடும்னு நான்தான் சொன்னேன்ல," என்றான். அவன் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே நடந்துவிட்டாள். அரிவாள் கையில் இருக்கும்போது அவனுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தாள்.

ஜன்னலோரப் புழுக்கள் தலையை இறக்கவே இல்லை. மறுநாள் அவற்றில் சிலவற்றுக்கு முகத்தின் மேல் முகம் வைத்தது போல் பழைய தலை ஓடு பாதி நழுவி, அதற்குப் பின்னால் புதுத் தலை தெரிந்தது. அதோடு நின்றுவிட்டன. பின்பக்கம் கழலவில்லை, முன்பக்கம் தின்ன முடியவில்லை. மருமகள் அந்த அடுக்கு முழுவதையும் வாரிக் குழி தோண்டிப் புதைத்தாள். மாமியார் குழிக்குப் பக்கத்தில் நின்று, மண் சரியாக விழவில்லை, இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம் என்று குறை சொன்னாள். உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மிச்சமெல்லாம் தின்று, பெருத்து, தேன் நிறமாகி, கூடு கட்டின. வடக்கு அறைக் கூடுகளுக்கு இணையாக, விரலால் அழுத்தினால் அமுங்காத கூடுகள். ஜன்னலோரத்து வலைகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

கூடுகளை மூட்டை கட்டி அனுப்பிய அன்று மத்தியானம் அண்ணனும் தம்பியும் தெற்கு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நியாயம் பேசத் தொடங்கினார்கள்.

"ரெண்டு அறையிலயும் நல்ல கூடுன்னு சொன்னேன்," என்றான் கணவன். "ஒரு அடுக்கு போயிடுச்சு. அப்ப அதை ரெண்டு அறைன்னு சொல்ல முடியுமா? நான் யாருக்கும் அநியாயம் பண்ணக் கூடாதுல்ல?"

"ஒண்ணே முக்கால் அறைன்னு வச்சுக்கலாம்ணா."

"அப்ப அந்தக் கால் அறை?"

"ஜன்னல் பக்கம்தானே? ஜன்னல் எனக்கு வசதிதான். நடுவுல ஒரு தட்டி வச்சா…"

நாத்தனாரும் அப்போது பார்த்துப் போன் செய்தாள். கணவன் ஒலிபெருக்கியில் போட்டான். மெஷின் ரிப்பேர் ஆகி வந்துவிட்டதாம். எச்சம் முழுக்க மெழுகு அப்பிய சாவிதானாம், அண்ணியின் புழுக்கள் அவ்வளவு கெட்டிக்காரப் புழுக்களாம். "அண்ணி, அடுத்த போகத்துல ஒரே ஒரு தட்டுல மட்டும், வேணும்னே, கொஞ்சமா…" என்று அவள் ஆரம்பிக்கும்போதே மாமியார் வீட்டுக்குள்ளிருந்து வந்து, போனை வாங்கி அணைத்தாள்.

"அந்த ஜன்னல் அடுக்கு நான் கொன்னது," என்றாள். வெங்காயம் வாங்கி வரச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "அவ ஒழுங்காத்தான் வளர்த்தா. நான் போட்ட இலையைத் தின்னுட்டுச் செத்துது. அதை அவ தலையில கட்டாதீங்க. டேப்பு, நீ ரோட்டுப் பக்கம் ஒரு கொட்டகை போட்டுக்கோ, வெல்டிங்குக்கு வர்றவன் புழுவைத் தாண்டியா வருவான்?"

"அப்படிப் பார்த்தா…" என்று கணவன் இழுத்தான். "அம்மா சொல்றதும் நியாயம்தான். ஆனா தம்பி மனசு…"

அவன் நியாயத்தை முடிப்பதற்குள் அறைக்குள்ளிருந்து வாளி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு போகம் முடிந்ததும் அடுத்த போகத்துக்கு முன்னால் அறையைக் கழுவிச் சுண்ணாம்பு தெளிப்பார்கள். மருமகள் அதைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தாள். இவர்கள் வாசலில் நாற்காலி போடும்போதே பாதி அறை முடிந்திருந்தது. ஜன்னல் சுவர் வெள்ளை, அடுக்குகள் வெள்ளை, தரையும் கதவை நோக்கி வெள்ளையாகி வந்துகொண்டிருந்தது. முழங்கை வரைக்கும் சுண்ணாம்போடு அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"முட்டைக்குச் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் வருது," என்றாள். "நாற்காலியைத் தள்ளிப் போடுங்க. இங்கயும் தெளிக்கணும்."

இரண்டு பேரும் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள்.